முன்பாதி மட்டும்

லாண்டரியில் அவளுக்கு மடிப்பு என்று பெயர். அவள் மடித்த விரிப்பை எத்தனை அடுக்குக்கு நடுவில் செருகி வைத்தாலும் தனியாகத் தெரியும். நாலு மூலையும் ஒட்டிக்கொண்டு, ஓரம் ஒரே கோடாக நிற்கும். "கொஞ்சம் அசந்தா நம்மளையும் மடிச்சு அலமாரியில வெச்சுடுவா" என்று சூப்பர்வைசர் ஒருநாள் சொல்லப்போக, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறகு சம்பள நாளில் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்கூட அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

நகரத்து ஆஸ்பத்திரிகளுக்கும் சில ஹோட்டல்களுக்கும் அங்கிருந்துதான் துணி போகும். அழுக்கு மூட்டைகள் பின்வாசல் வழியாக வந்து இறங்கும். பெரிய பெரிய இயந்திரங்களில் சுழன்று, சூடேறிய உருளைகளுக்கு நடுவே நுழைந்து, மறுபக்கம் ஆவி பறக்க வெளியே வரும். வருகிற விரிப்பைப் பிடித்து மடிக்க இரண்டு பேர் வேண்டும். மடிப்போடு எதிர்முனையில் நின்றவள் நெட்டையக்கா. ஆண்களையே அண்ணாந்து பார்க்க வைக்கிற உயரம். மடிப்போ குள்ளம். இருவரும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்தால் விரிப்பு சறுக்குமரம்போல் சாய்ந்து நிற்கும். ஆனாலும் அந்த ஜோடியை யாரும் பிரித்ததில்லை. அவ்வளவு வேகம், அவ்வளவு ஒழுங்கு.

விரிப்பு மடிக்கிறபோது பேசுவதற்கு ஒரு முறை உண்டு. விலகி நிற்கையில் இயந்திர இரைச்சலில் ஒன்றும் கேட்காது. உதறிவிட்டு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, முனையோடு முனையைச் சேர்க்கிற நொடியில்தான் பேச்சு. முகத்துக்கு முகம் மூச்சுப் படுகிற நெருக்கம். அடுத்த வார்த்தைக்கு அடுத்த விரிப்பு வரவேண்டும். மாமியார் சண்டை ஒன்றைச் சொல்லி முடிக்க ஒரு வார்டுக்கான விரிப்பு முழுசும் தீர்ந்துவிடும். இப்படித் துண்டு துண்டாகப் பேசியே அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் தலைமுதல் கால்வரை தெரிந்துகொண்டார்கள். நெட்டையக்காவுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவள் பேசியதும் இல்லை, மடிப்பு கேட்டதும் இல்லை.

ஒருநாள் உருளையின் பெல்ட் அறுந்து வேலை நின்றது. அதே நேரம் பார்த்து, பிரசவ விடுப்பில் இருந்த இளம்பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு எல்லோரையும் பார்க்க வந்தாள். பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். ஆளாளுக்கு வாங்கி முத்தமிட்டு, கொஞ்சி, "அப்படியே அம்மாவை உரிச்சு வெச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்க, மடிப்பு மட்டும் தள்ளி நின்றாள். நெட்டையக்கா பக்கத்தில் வந்தாள்.

"ஏண்டி ஒரு மாதிரி ஆயிட்ட?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லன்னா மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்கு?"

இருவரும் சூடு ஆறாத துண்டுக் குவியல்மேல் போய் உட்கார்ந்தார்கள். உருளை ஓடாத அந்த அமைதியில், மடிப்பு தன் கணவனிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அப்போது அவள் மகளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது.

"இவ பொறந்ததும் துடைச்சு, துணியில சுத்தி, எங்கையில குடுத்தாங்க. எனக்கு ஒண்ணுமே தோணலக்கா. பஸ் ஸ்டாண்டுல யாராவது, 'இதைக் கொஞ்சம் பாத்துக்கங்க, இதோ வந்துடறேன்'னு ஒரு பையை வெச்சுட்டுப் போவாங்க பாரு, அந்த மாதிரி இருந்துச்சு. யாரு வந்து எடுத்துக்கிட்டுப் போவாங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். இவளுக்கு வலது காதுக்குக் கீழ ஒரு மச்சம். பக்கத்துத் தொட்டில் குழந்தையோட மாறிட்டா எனக்குத் தெரியாதேன்னு, அந்த மச்சத்தை அடையாளம் வெச்சுக்கிட்டேன். பெத்தவ வெச்சுக்கற அடையாளமா அது?"

நெட்டையக்கா மடியில் கிடந்த ஒரு துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு வந்தும் அப்படித்தான். பால் குடுத்தேன், குளிப்பாட்டினேன், துணி மாத்தினேன். எதையும் விடல. பாக்க வந்தவங்க எல்லாம், 'கண்ணுல என்னா பாசம்'னு சொல்லுவாங்க. நான் சிரிச்சுக்குவேன். உள்ள வெறும் காலி டப்பா."

அதற்குப் பிறகு நடந்ததையும் அவள் சொன்னாள். ஒரு மத்தியானம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண் ஜன்னல் கொண்டியில் இருந்தது. குழந்தை குடிப்பதை நிறுத்தியது தெரிந்தது. தூங்கிவிட்டது என்று நினைத்துக் குனிந்தாள். தூங்கவில்லை. வாயை எடுத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எதையும் கேட்கிற பார்வை இல்லை. கடைவாயிலிருந்து பால் ஒழுகிக் காதுப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அதைக்கூட லட்சியம் செய்யாமல் பார்த்தது.

"எத்தனை நாளா அப்படிப் பாத்துக்கிட்டு இருந்துச்சோ, தெரியலக்கா. நான்தான் குனிஞ்சு பாக்கல. அப்பத்தான் உறைச்சுது. இது என்னை நம்பிருச்சு. நான் நல்லவளா கெட்டவளா, எனக்குள்ள ஏதாவது இருக்கா இல்லையா, ஒண்ணும் தெரியாம, முழுசா நம்பிருச்சு. என்னை யாரும் அப்படி நம்பினது இல்ல. நானும் யாரையும் அப்படி நம்பினது இல்ல. சாமியைக்கூட 'அதைக் குடு, இதைக் குடு'ன்னுதானே நம்பறோம்? அன்னிக்கு நான் அழுத அழுகையில பிள்ளையே பயந்து அழ ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் எல்லாம் தலைகீழா ஆயிருச்சு. யாராவது வந்து இவளை எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்களோன்னு ஒரு பயம் வந்துச்சு பாரு, அது இன்னும் போகல."

அதற்குள் பெல்ட்டை மாற்றி இயந்திரத்தை ஓட்டிவிட்டார்கள். நெட்டையக்கா எழுந்து, ஒரு துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்கிட்டருந்து ஒரு சொல் வெளிய போகாதுடி. நீ நிம்மதியா இரு" என்றாள். மடிப்புக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. 

மகள் வளர்ந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள், கூட வேலை பார்த்தவனையே கல்யாணம் செய்துகொண்டாள். வாயும் வயிறுமாக இருந்தபோதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவைப் பார்க்க வருவாள். அப்பாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. "எங்க அம்மாவும் நானும் பேச ஆரம்பிச்சா அப்பா ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட லிஃப்ட் மாதிரி முழிப்பாரு" என்று மகள் கேலி செய்வாள். மடிப்பு இன்னும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தச் சமயத்தில் நெட்டையக்கா ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். மாநகராட்சி மண்டபத்தில் ஓர் அம்மையார் பேசுவார். வெள்ளைச் சேலை, நரைத்த தலை, யாரையும் உட்கார வைத்துவிடுகிற குரல். வாழ்க்கை, மனசு, ஆன்மா என்று ஒவ்வொரு வாரமும் ஒன்று. பெண்கள் கூட்டம் அலைமோதும். நெட்டையக்கா முன்வரிசைக்கு முன்னேறிவிட்டாள். விரிப்பு மடிக்கிற பேச்சில் பாதி அந்த அம்மையாரின் பேச்சாகிவிட்டது.

"இந்த வாரம் தாய்க்கும் சேய்க்கும் உள்ள உறவோட ஆன்மிக அர்த்தத்தைப் பத்திப் பேசறாங்களாம்டி" என்றாள் ஒருநாள், முனையைச் சேர்த்துக்கொண்டே. அடுத்த விரிப்பில், "வயித்துல பிள்ளையோட இருக்கறவங்க அவசியம் கேக்கணுமாம். பாப்பாவையும் கூட்டிட்டு வா" என்றாள்.

மடிப்பு கூட்டிக்கொண்டு போனாள். நடு வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இடம் கிடைத்தது. மகள் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலை நீட்டி, அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முன்வரிசையில் எல்லோருக்கும் மேலாக நெட்டையக்காவின் தலை தெரிந்தது.

அம்மையார் நன்றாகத்தான் பேசினார். அதை மடிப்பு கடைசிவரை மறுத்ததில்லை. "பிறந்த குழந்தைக்குத் தான் வேறு, தாய் வேறு என்பது தெரியாது. நாம் தேடி அலைகிற ஒன்றுகலத்தல் என்பது குழந்தைக்குத் தேடாமலே கிடைத்திருக்கிறது. தாயின் முகம்தான் அது பார்க்கிற முதல் கடவுள். அந்தக் கடவுளுக்கு முகம் கொடுக்கிற பொறுப்பு உங்களுடையது" என்று அவர் சொன்னபோது மடிப்புக்குக் கண் கலங்கியது. மகளின் கையை அழுத்தினாள். மகளும் திருப்பி அழுத்தினாள்.

பிறகு அம்மையார் குரலைத் தாழ்த்தினார். "எல்லாக் குழந்தைக்கும் அந்த முகம் கிடைத்துவிடுகிறதா? நமக்குத் தெரிந்த ஒரு தாய். வெள்ளைத் துணி மடித்துப் பிழைக்கிறவர். பிரசவமாகிக் குழந்தையைக் கையில் கொடுத்தபோது அவருக்கு என்ன தோன்றியது தெரியுமா? பேருந்து நிலையத்தில் யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன பை மாதிரி இருந்ததாம்."

கூட்டத்தில் ஒரு 'அய்யோ' எழுந்து அடங்கியது.

"தன் குழந்தை மாறிப்போனால் தெரியாதே என்று, காதுக்குக் கீழே இருந்த மச்சத்தை அடையாளம் வைத்துக்கொண்டாராம். யோசித்துப் பாருங்கள். அந்தக் குழந்தைக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். இன்றைக்கு அது வளர்ந்து பெரிய பெண்ணாகியிருக்கும். எதையோ தேடிக்கொண்டே இருக்கும். எதை என்று அதற்கே தெரியாது."

அவ்வளவுதான். அங்கேயே அந்தக் கதையை முடித்துவிட்டு, மூச்சைக் கவனிப்பது எப்படி என்று சொல்லப் போய்விட்டார்.

 பக்கத்தில் திரும்பாமலே மடிப்புக்குத் தெரிந்தது: மகளின் ஒரு கை மெல்ல மேலே போய் வலது காதைத் தொட்டது. மடியில் இருந்த மற்ற கை அம்மாவின் கையை விட்டது. உதறவில்லை, பிடுங்கவில்லை. விட்டது, அவ்வளவே.

முன்வரிசையில் நெட்டையக்கா திரும்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்திருந்தது, பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை வீட்டாரைத் தேடுவதுபோல. மடிப்பைப் பார்த்தாள், பக்கத்தில் காதைத் தொட்டபடி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். சட்டென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு அந்தத் தலை அசையவே இல்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மகள் வாயைத் திறந்தாள்.

"அது நான்தானேம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை. "ஆமா பாப்பா. ஆனா அவங்க சொன்னது பாதிதான்" என்று ஆரம்பித்து, அந்த மத்தியானத்தை, ஜன்னல் கொண்டியை, ஒழுகின பாலை, தான் அழுத அழுகையை எல்லாம் அந்த ஆட்டத்திலும் ஹாரன் சத்தத்திலும் சொல்லி முடித்தாள். மகள் வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"மேடையில சொன்னப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். நிஜம்னு தெரிஞ்சுபோச்சு. இப்ப நீ சொல்றதை எதை வெச்சும்மா நம்புறது? பிள்ளைத்தாச்சி மனசு நோகக் கூடாதுன்னு இப்பத்தான் ஜோடிச்ச மாதிரி இருக்கு."

"ஜோடிக்கலடி. உம்மேல சத்தியமா."

"எம்மேல சத்தியம் பண்ணாத" என்றாள் மகள். கத்தாமல், சாதாரணமாகச் சொன்னாள். கொஞ்ச தூரம் போனபின், "ஒரு மண்டபத்துக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டுந்தான் தெரியல" என்றாள். தன் நிறுத்தம் வந்ததும் இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டில் கணவன் முகத்தைப் பார்த்ததுமே கேட்டான். சொல்லாமல் தீரவில்லை. முழுசையும் கேட்டுவிட்டு, கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை மேஜைமேல் வைத்தான்.

"நெட்டையக்காவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

"சொன்னா என்னைப் பைத்தியம்னு நினைச்சிடுவீங்களோன்னு..."

"நினைச்சிருப்பேனோ என்னவோ. ஆனா பிள்ளை அழுதப்ப நானும் எழுந்து தூக்கியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

மறுநாள் லாண்டரியில் நெட்டையக்கா முன்னமே வந்து தன் முனையில் நின்றிருந்தாள். உருளை ஓடத் தொடங்கியது. முதல் விரிப்பு வந்தது. இருவரும் பிடித்து, விலகி, உதறி, நெருங்கினார்கள்.

"பேரு சொல்லலையேடி" என்றாள் நெட்டையக்கா.

விலகினார்கள். அடுத்தது வந்தது.

"மச்சத்தைச் சொன்னாங்களே."

"அவங்க அதையும் பிடிச்சுக்குவாங்கன்னு நான் கண்டேனா?"

"எதுக்குக்கா சொன்ன? ஏன் சொன்ன?"

நெட்டையக்கா மூன்று நான்கு விரிப்பை ஓரம் பார்க்காமலே மடித்துப் போட்டாள். பிறகு துண்டு துண்டாகச் சொன்னாள். "கூட்டம் முடிஞ்சதும் எங்களை வட்டமா உக்கார வெப்பாங்க. ஒவ்வொருத்தரா மனசைத் திறந்து பேசணும்." விரிப்பு. "எல்லாரும் பெத்ததைப் பேசறாங்க, வளத்ததைப் பேசறாங்க." விரிப்பு. "என் முறை வந்தா நான் என்னத்தைப் பேசுவேன்?"

"அதுக்கு என்னோடதை எடுத்துக் குடுத்துட்டியா? சரி, குடுத்ததுதான் குடுத்த. முழுசாக் குடுத்திருக்கக் கூடாதா? பின்னாடி நடந்ததை ஏன் விட்ட?"

நெட்டையக்கா முனையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். "பின்னாடியா?" என்றாள். "பின்னாடி என்ன?"

நடிப்பு இல்லை. அந்த முகத்தை மடிப்புக்கு அத்தனை நெருக்கத்தில் அத்தனை வருஷமாகத் தெரியும். அவளுக்கு நிஜமாகவே நினைவில்லை.

"எனக்கு அந்தப் பை மட்டுந்தான்டி ஞாபகம் இருக்கு" என்றாள் நெட்டையக்கா.  "நீ அதைச் சொன்னதுக்கு அப்புறம் எங்காதுல வேற எதுவும் விழல. உனக்குக் கையில குடுத்தாங்க. நீ அதைப் போயி பைன்னு சொன்ன. எங்கிட்ட ஒரு பையாவது யாராவது விட்டுட்டுப் போனாங்களா?"

மடிப்பின் கையிலிருந்து இரண்டு முனையும் நழுவின. சூடான வெள்ளை விரிப்பு ஈரத் தரையில் போய் விழுந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை. சூப்பர்வைசர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். பின்னால் வந்த விரிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டன.

அன்றைக்கு அவளுக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. நெட்டையக்கா கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். அவளோ தன் காயத்தைக் காட்டி, உன் காயத்தைப் பேச உனக்கு வாயே இல்லை என்று செய்துவிட்டாள். அடித்துவிட்டு அழுகிற உரிமையையும் எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது. அந்தத் துண்டுக் குவியல்மேல் உட்கார்ந்து தான் மனசைக் கொட்டிய அந்தப் பொழுது முழுக்க, எதிரில் இருந்தவள் பாதியிலேயே எழுந்து போயிருக்கிறாள். உடம்பு மட்டும் உட்கார்ந்திருந்திருக்கிறது. தான் நிம்மதி என்று நினைத்தது எல்லாம் யாரும் கேட்காத ஒரு பேச்சுக்குக் கிடைத்த நிம்மதி. மற்ற எதையும்விட இதுதான் அவளை அறுத்தது.

சூப்பர்வைசரிடம் போய் ஜோடியை மாற்றச் சொன்னாள். அவர் காரணம் கேட்டார். "உயரம் சரிப்படல" என்றாள். இத்தனை காலம் சரிப்பட்ட உயரம் இன்றைக்கு என்ன ஆயிற்று என்று அவர் முணுமுணுத்துவிட்டு, தலையணை உறை பக்கம் நின்ற ஒருத்தியை இங்கே அனுப்பி, நெட்டையக்காவை அடுத்த உருளைக்கு மாற்றினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் சேர்வதற்கு முன்பே மடிப்பு மண்டபத்துக்குப் போனாள். அம்மையார் மைக்குக்கு உயரம் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தான் யார் என்று சொன்னதும், மேடையிலிருந்து இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கை இதமாகத்தான் இருந்தது.

"உங்க பேரை நான் சொல்லவே இல்லையேம்மா."

"சொல்லல. என் பொண்ணு பக்கத்துல உக்காந்திருந்தா."

அம்மையாரின் முகம் மாறியது. "அது எனக்குத் தெரியாது" என்றார். "தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

மடிப்பு பின்பாதியைச் சொன்னாள். அந்த ஒரு வாரத்துக்குள் மூன்றாவது தடவையாக அதைச் சொல்கிறபோது அவளுக்கே அது ஒப்பித்த பாடம்போல் தோன்றியது. அம்மையார் கடைசிவரை கேட்டார்.

"பிள்ளைக்கு எல்லாம் தெரியும்னு சொன்னீங்க. தெரிஞ்சும் அது அப்படிப் பாத்துச்சே, அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"அது உங்க பெருமை இல்லம்மா, குழந்தையோட பெருமை" என்றார் அம்மையார்.

மடிப்பால் அதை மறுக்க முடியவில்லை. அவளும் அதைத்தான் அந்த மத்தியானத்திலிருந்து தனக்குள் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். தன்னைச் சந்தியில் நிறுத்தியவர் வாயிலிருந்தே அது வந்தது மட்டும் பொறுக்கவில்லை.

"நீங்களே மேடையில வந்து இதைச் சொல்லுங்களேன். எத்தனையோ பேருக்கு ஆறுதலா இருக்கும்."

"கூட்டம் கேக்க வேணாம்மா. என் பொண்ணு கேக்கணும். அவ இனிமே இந்தப் பக்கம் வரமாட்டா."

வெளியே வரும்போது பெண்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். எந்த முகம் தன்னைத் தெரிந்து பார்க்கிறது, எது சும்மா பார்க்கிறது என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. எல்லா முகமும் தெரிந்து பார்ப்பதுபோலத்தான் இருந்தது. நெட்டையக்கா வாசலில் செருப்பை விட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் கடந்து போனார்கள்.

மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மருமகன் போன் செய்து சொன்னான். மடிப்பும் கணவனும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் களைத்துப்போய், ஆனால் உள்ளே விளக்கு ஏற்றியதுபோல் இருந்தது. குழந்தை அவள் மார்போடு ஒட்டிக் கிடந்தது. கட்டில் விரிப்பின் ஓரத்தை மடிப்பின் விரல் தானாகவே இழுத்துச் சரி செய்தது. அவள் லாண்டரி விரிப்புதான்.

கணவன் மருமகனோடு வெளியே போனதும் மகள் சொன்னாள். "பாத்த உடனேம்மா. கையில குடுத்த அந்த நிமிஷமே. என் உயிரு இதுதான்னு ஆயிடுச்சு. எனக்கு ஒரு நொடிகூட ஆகல."

"நல்லதுடி. ரொம்ப நல்லது" என்றாள் மடிப்பு. மனசாரத்தான் சொன்னாள். தனக்கு நேர்ந்தது மகளுக்கும் நேர்ந்துவிடுமோ என்று மாசக்கணக்கில் பயந்துகொண்டிருந்தது அவளுக்குத்தானே தெரியும்.

மகள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "இத்தனை சுலபமா வருது. உனக்கு ஏம்மா வரல? நான் என்ன பண்ணேன்?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற ஒரு பிள்ளையின் குரல்.

"நீ ஒண்ணும் பண்ணல பாப்பா. ஒரு பிள்ளை பண்ண வேண்டியது எல்லாத்தையும் நீ பண்ண. வராதது எனக்குத்தான். ஏன்னு எனக்கும் தெரியல. யாரும் சொல்லவும் இல்ல."

மகள் தலையை ஆட்டினாள். நம்பினாளா இல்லையா என்று அந்த ஆட்டத்தில் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மடிப்பு வாரம் ஒருமுறை மகள் வீட்டுக்குப் போனாள். குழந்தைத் துணியை அலசி, காயவைத்து, கைக்குட்டை அளவே இருந்த சட்டைகளை மடித்து அடுக்கினாள். பாத்திரம் கழுவினாள். மகள் ஒவ்வொன்றுக்கும் "தேங்க்ஸ்மா" என்றாள். அந்த வார்த்தை அதற்கு முன் அந்த வீட்டில் புழங்கியதில்லை. பழைய கேலி இல்லை, சண்டை இல்லை, "போம்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது" இல்லை. வந்த விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை முழுசும் கிடைத்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் சில நாள் அழுதாள், சில நாள் தூங்கிப்போனாள். ஒன்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. உள்ளே ஒன்றும் தோன்றாமலே எல்லாவற்றையும் சரியாகச் செய்வது என்றால் என்ன என்று தெரிந்தவள் அவள். இப்போது அந்த இடத்தில் மகள் இருக்கிறாள். எதிர்ப்பக்கத்தில் இருந்து அதை வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டியது தன் முறை. ஒரு கைக்குழந்தையால் முடிந்தது தன்னால் முடியுமா என்று அவளுக்கு நிச்சயம் இல்லை. குழந்தைக்குப் பழைய நினைப்பு கிடையாது. அவளுக்கு இருந்தது.

நெட்டையக்கா ஒருநாள் துணி மாற்றுகிற அறையில் வழிமறித்தாள். "பாப்பாவோட பிள்ளையை ஒருதரம் பாக்கலாமாடி?"

"அது எம்பொண்ணு வீடு. அவளைக் கேளு."

நெட்டையக்கா வழியை விட்டு விலகி நின்றாள். உயரம் குறைந்துவிட்டதுபோல் இருந்தது. கேட்கப் போகமாட்டாள் என்று இருவருக்குமே தெரியும். அவள் போகவும் இல்லை. அடுத்தடுத்த உருளைகளில் இரண்டு பேரும் இன்னும் வேலை செய்கிறார்கள். மடிப்பு அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. பார்க்காமலிருக்க இன்னும் மெனக்கெட வேண்டியிருக்கிறது.

ஒரு சாயங்காலம், வேலை முடிகிற நேரத்தில், மகளிடமிருந்து போன் வந்தது. வார நடுவில் அவள் கூப்பிடுவதில்லை. மடிப்பு பின்வாசலுக்கு ஓடினாள். போனுக்குள் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"மத்தியானத்துலருந்து அழுவுதும்மா. பால் வேணாங்குது. ஜுரம் இல்ல. என்ன செய்யறதுன்னே தெரியல. அவரும் வரல." மகளின் குரலும் உடைந்திருந்தது.

"உக்காராத. தோள்ல நிமித்திப் போட்டுக்க. முதுகைத் தட்ட வேணாம், மேலருந்து கீழ நீவி விடு. அப்படியே நட. போனை எங்கயாவது வெச்சிடு, நான் லைன்லயே இருக்கேன்."

போனை எங்கேயோ வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு நடக்கிற சத்தம். சமையலறைவரை போய்த் திரும்புவது, தோள் பட்டுக் கதவு கிரீச்சிடுவது, மகள் ஏதோ மெட்டில்லாமல் முனகுவது எல்லாம் கேட்டது. அழுகை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, விம்மலாகி, ஏப்பம் ஒன்று வந்து, நின்றது.

மகள் போனை எடுத்தாள். "அடங்கிடுச்சு" என்றாள் மூச்சுவாங்கியபடி.

"சரி கண்ணு. நீ கொஞ்சம் படு. வெச்சிடட்டுமா?"

"இரு" என்றாள் மகள்.

போனில் அவள் மூச்சும் குழந்தையின் மூச்சும் மட்டும் கேட்டன.  உள்ளே சூப்பர்வைசர் இரண்டு முறை கூப்பிட்டார். வண்டியிலிருந்து இறக்கிய அழுக்கு மூட்டைகள் வாசலில் கிடந்தன. அவள் ஒன்றின்மேல் உட்கார்ந்து, போனைக் காதோடு வைத்துக்கொண்டாள்.